மண் சுவர் ஓட்டலும் பின்கட்டுத் தோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். ஒரு நாளைக்கு நூறு இலை விழும். சுவர் எங்கள் இடத்து மண்ணையே அழுத்திச் செய்த கல், கூரை ஓடு, பின்னால் தோட்டம். மொத்தம் 70 சென்ட். சாப்பிட்டுக் கைகழுவப் போகிறவர்களில் சிலர் சுவரை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவுக்கு வருவார்கள். வந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். இதே மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டடக்கலை படித்தவன் இல்லை நான். கட்டி, தவறு செய்து, இடித்து, மறுபடி கட்டியவன்.

உள்ளூர்ப் பொருள் என்றால் எது உள்ளூர்?

எங்கள் மேஸ்திரி சொன்னதுதான்: "ரிப்பேருக்கு ஆள் சைக்கிள்ல வரணும் தம்பி. அதுதான் உள்ளூர் சாமான்."

இந்தக் கணக்குப்படி எங்களுக்குச் செம்மண் உள்ளூர். திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல், சவுக்கு, பனை எல்லாம் உள்ளூர். மூங்கில் உள்ளூர் இல்லை. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தாவிட்டால் பூச்சி துளைத்து மாவாக உதிர்ந்துவிடும். அதைச் சரியாகச் செய்யவும், பிறகு பழுது பார்க்கவும் எங்கள் பக்கம் ஆள் கிடையாது. கடப்பாக் கல் எல்லா ஊரிலும் கிடைப்பதால் நம்மூர்ச் சரக்கு மாதிரி தோன்றும், ஆனால் ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிறது.

உங்கள் ஊருக்கு வேறு பட்டியல் வரும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் செம்புறாங்கல். தஞ்சாவூர்ப் பக்கம் களி மிகுந்த வண்டல், அதனால் செங்கல். கொங்குப் பகுதியில் கருங்கல். எங்கள் கடையைப் பார்த்துவிட்டு அப்படியே தஞ்சாவூரில் கட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். அந்தக் களிமண்ணில் நான் செய்த கல்லைச் செய்தால் காயும்போதே வெடிக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

சாதாரணச் செங்கல்லை வைத்தே என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரம் போங்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. உருண்டையான செங்கல் கோபுரம். உள்ளே படிக்கட்டுக்குப் பதில் திருகுசுருளாக ஏறும் சரிவு, அதன் ஓரத்தில் கட்டி வைத்த மேசையும் பெஞ்சும். சுவர் முழுக்கச் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்ட ஓட்டை. வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான். நகரத்தின் நடுவே, துண்டு நிலத்தில், நாள் முழுக்கக் கூட்டம் ஏறி இறங்கும் கடை. நான் அங்கே ஒரு காபியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சப்ளையர் இரண்டு முறை வந்து வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

மண் சுவர் மழையில் கரையாதா?

பச்சை மண் கரையும். இது சிமென்ட் கலந்து அழுத்திய கல். 100 பங்கு மண்ணுக்கு 5 பங்கு சிமென்ட், கொஞ்சம் தண்ணீர், கையால் இழுக்கும் அழுத்து எந்திரம். ஆரோவில்லில் இருக்கும் மண் கட்டுமானக் கழகம் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறது. 'ஆரம் 3000' என்ற எந்திரம் அங்கே உருவானதுதான். எங்கள் கல் 24 சென்டிமீட்டர் சதுரம், 9 சென்டிமீட்டர் உயரம், ஒன்று 10 கிலோ. சூளையில் சுடுவது கிடையாது, அதனால் விறகும் இல்லை. ஆனால் நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பத்தாம் நாள் கல் காய்ந்து கெட்டியாகத் தெரியும், "போதும் சார், கட்டிடலாம்" என்பார்கள். கட்டாதீர்கள்.

மண் சரியா என்று பார்க்க முதலில் லேப் வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். வண்டல் அரை மணி நேரத்தில் இறங்கும். களி மறுநாள்தான் தெளியும். மூன்று அடுக்கும் கோடு போட்ட மாதிரி தெரியும். பாதிக்கு மேல் மணலும் சிறு சரளையும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல மண். களி ரொம்ப அதிகம் என்றால் மணல் சேர்க்கலாம். அதற்கும் சரிப்படவில்லை என்றால் மண் கல்லை விட்டுவிட்டுச் செங்கல்லை எலிப்பொறிக் கட்டில் வையுங்கள். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. கல் கால் பங்கு மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும்.

மழைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் சுவர் நின்றது. காரணம் கல் மட்டும் இல்லை. தரையிலிருந்து இரண்டடிக்குக் கருங்கல் பேஸ்மென்ட், கூரை சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே நீளும் தாழ்வாரம். காலில் செருப்பும் தலையில் குடையும் இருந்தால் மண் சுவர் எந்த மழைக்கும் நிற்கும். தெற்குப் பக்கம் ஓரிடத்தில் தாழ்வாரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்திருந்தோம், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று. அந்த மூலையில் மட்டும் சாரல் அடித்துச் சுவர் முகம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறோம். இன்னும் தெரியும்.

மண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? நிலம் பாழாகாதா?

எங்கள் நிலத்திலேயே தோண்டினோம். கட்டடமும் தோட்டமும் சேரும் இடமே அந்தக் குழிதான். மேல் மண் ஒரு அடி கல்லுக்கு ஆகாது, அதில் வேரும் மட்கும் இருக்கும். அதை வழித்து ஓரமாகக் குவித்தோம். அதுதான் பின்னால் தோட்டப் பாத்தி ஆனது. அதற்குக் கீழே இருந்த மண் கல்லாகிச் சுவருக்குப் போனது. மிஞ்சிய பள்ளம் குளம். கூரைத் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்பது தெரிந்ததுதான். பலர் ஒரு குழாயைத் தரைக்குள் சொருகிக் கணக்குக் காட்டுகிறார்கள். சுவருக்கு மண் எடுத்தால் குளம் இலவசம். எடுக்கும் முன்னால் எங்கே பள்ளம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ட இடத்தில் தோண்டிவிட்டுப் பிறகு காசு கொடுத்து மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுப்படியும் மண் சுவர்தானா?

சுவர் அதுவே. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் நான்காவது அட்டவணை, சமையல் இடத்தின் சுவரும் தரையும் வழவழப்பாக, நீர் உறிஞ்சாமல், கழுவ வசதியாக இருக்க வேண்டும் என்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்வேன். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் மண் கல்லில் பட்டால் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் எறும்பு, கரப்பான். அதனால் ஏழடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், தரைக்குக் கருங்கல் பலகை.

சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் ஒரு தவறு செய்தேன். ஆத்தங்குடிக் கல் மேல் எனக்குப் பித்து. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு ஒவ்வொன்றாகக் கையால் வார்ப்பது. போட்ட அன்று மாளிகை மாதிரி இருந்தது. நாலாம் நாள் ஒரு குழந்தை ரசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. சிமென்ட் கல்லைப் புளி அரிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அது முன் வராந்தாவில் மட்டும் இருக்கிறது. உள்ளே முழுக்கக் கருங்கல்.

கீற்றுக் கூரை போட்டால் இன்னும் குளுமையாக இருக்குமே?

இருக்கும். அடுப்பு எரியும் கட்டடத்தில் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கட்டில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதற்கு மேல் இதில் விவாதம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. கீற்று ஆசை இருந்தால் தோட்டத்தில், அடுப்பிலிருந்து எட்ட, அடுப்புப் பொறி காற்றில் வந்து விழாத பக்கமாக, இரண்டு பக்கம் திறந்த சின்னக் கொட்டகையாகப் போடுங்கள்.

சரி, அப்போது கூரைக்கு என்ன?

ஓடு. கீழே ஒரு வரிசை சீலிங் ஓடு, மேலே ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவில் உள்ள காற்றுதான் வெயிலை நிறுத்துகிறது. மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை போட்டு ஆரம்பித்தது. இன்று பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல ஓடு மலிவாகக் கிடைக்கும். தட்டிப் பார்த்து வாங்குங்கள், கணீர் என்று வெண்கலச் சத்தம் வர வேண்டும். முகட்டில் ஒரு அடி திறப்பு விட்டு அதன் மேல் சின்னக் கூரை வையுங்கள், சூடான காற்று அந்த வழியே ஏறிப் போகும். ஓரத்து இரண்டு வரிசை ஓட்டைக் கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும். புயல் முதலில் கிளப்புவது அதைத்தான். குரங்கு இருக்கும் ஊர் என்றால் வருடத்துக்கு ஐம்பது ஓடு கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்குப் பனை அருமையான மரம், வயது முதிர்ந்த பனையாக இருந்தால். ஆனால் நின்றிருக்கும் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. இடிபடும் வீடுகளின் பழைய பனங்கைகளைத்தான் நாங்கள் வாங்கினோம்.

மாடி வேண்டும் என்பவர்கள் மெட்ராஸ் தளம் பற்றிக் கேட்கிறார்கள். மர உத்தரங்கள் மேல் மெல்லிய தளக்கல்லைக் குறுக்காகச் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள் கணக்கில் அடிப்பது. நன்றாகச் செய்தால் தலைமுறைக்கும் நிற்கும். அடிக்கத் தெரிந்த ஆளை முதலில் பிடியுங்கள், அப்புறம் பேசலாம்.

அடுப்படி அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமா?

தென்கிழக்கு மூலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ஆடியில் தென்மேற்கிலிருந்து காற்று, ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து. இரண்டிலும் தென்கிழக்கு மூலையின் புகை வீட்டுக்குள் வராமல் ஓரமாகவே போய்விடும். பழைய ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில் கதை வேறு. கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கும் தென்கிழக்கும் இருந்து வரும். பந்தி நடக்கும் நேரமும் அதுதான். எங்கள் பழைய கொட்டகையில் அடுப்படி அக்னி மூலையில்தான் இருந்தது. கடல் காற்று வந்த உடனே மிளகாய் வதக்கும் நெடி நேராகக் கூடத்துக்குள் வரும், முதல் பந்தியே தும்மும். புதுக் கட்டடத்தில் அடுப்படியை வடமேற்கில் வைத்தேன். என் மாமனார் ஒரு மாதம் பேசவில்லை. சித்திரையில் வந்து தும்மாமல் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஊதுவத்தியை ஏற்றிக்கொண்டு நிலத்தில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நின்று பாருங்கள். பிளான் போடும் முன்னால் இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

செலவு குறையுமா?

கட்டும்போது பெரிதாகக் குறையாது. பொருளுக்குக் கொடுப்பது குறையும், கூலிக்குக் கொடுப்பது ஏறும். பணம் ஊருக்குள்ளேயே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். பூச்சு வேலை, பெயின்ட் இரண்டும் மிச்சம். பிறகு மாதா மாதம் கரண்ட் பில்லில் தெரியும். எங்கள் கூடத்தில் ஏசி இல்லை, மின்விசிறி மட்டும். மே மாதம் இரண்டு மணிக்கு ஏசி இல்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்த வியாபாரம் எனக்கு நஷ்டம்தான், மறைப்பதற்கில்லை.

அனுமதி, கடன் கிடைத்ததா?

விவசாய நிலம் என்றால் முதலில் நில உபயோக மாற்றம், அப்புறம் கட்டட அனுமதி, உணவு உரிமம், தீயணைப்பு. இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளது. எனக்குக் கூடுதலாக வந்த தலைவலி ஒரு படிவத்தில். சுவர் வகை என்ற கட்டத்தில் செங்கல், கான்கிரீட், மண் என்று மூன்றுதான். மண் என்று டிக் போட்டால் குடிசைக் கணக்கில் போய்விடும், கடன் வராது. செங்கல் என்று போட்டால் பொய். ஒரு அலுவலகத்தில் மூன்று முறை அலைந்தபின், ஐ.எஸ். 1725 என்று அழுத்திய மண் கல்லுக்கே இந்தியத் தரக்குறியீடு இருக்கிறது என்பது தெரிந்தது. அந்த எண்ணையும், கல்லை நசுக்கிப் பார்த்த லேப் சான்றையும் இணைத்துக் கொடுத்தேன், நகர்ந்தது. கடன் கொடுக்க வந்த வங்கியின் மதிப்பீட்டாளர் சாவியால் சுவரைக் கீறிப் பார்த்துவிட்டு, சாவியைத் துடைத்துக்கொண்டு போனார். ஓட்டுக் கூரை என்பதால் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. முதல் நாளே லேப் சான்று வாங்கிவிடுங்கள்.

சமையலுக்கு வேண்டியது எல்லாம் தோட்டத்தில் விளைகிறதா?

இல்லை, விளையவும் வேண்டாம். அரிசி, பருப்பு, வெங்காயம், உருளை எல்லாம் மூட்டையில் வந்தாலும் கெடாதவை. அவற்றை 40 சென்ட் தோட்டத்தில் விளைவிக்கப் பார்ப்பது வீண் வேலை. பறித்த அரை மணியில் வாடுகிறவற்றை மட்டும் வளருங்கள். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, கீரைகள், முருங்கைக் கீரை, பிரண்டை, தூதுவளை. வாடிய கறிவேப்பிலைக்கும் பறித்த கறிவேப்பிலைக்கும் உள்ள வித்தியாசம் சாப்பிடுகிறவருக்கு ரசத்தின் வாசனையிலேயே தெரிந்துவிடும். இன்னொரு வகை, வைத்துவிட்டால் தானே காய்க்கிறவை: சுண்டைக்காய், கோவைக்காய், பப்பாளி, எலுமிச்சை, பந்தலில் அவரையும் புடலையும். அந்தப் பந்தலை மேற்குச் சுவருக்கு முன்னால் போடுங்கள். மாலை வெயில் சுவரில் படாது, காயும் கிடைக்கும்.

கீரைக்கு ஒரு கணக்கு உண்டு. முளைக்கீரை விதைத்து 25 நாளில் பிடுங்கலாம். தினமும் ஒரு பாத்தி அறுக்க வேண்டுமென்றால் 25 பாத்தி வேண்டும், தினமும் ஒன்று விதைக்க வேண்டும். இந்தச் சங்கிலி ஒரு வாரம் அறுந்தால் அடுத்த மாதம் ஒரு வாரம் கீரை இருக்காது. கார்த்திகை மழையில் எப்படியும் அறுந்துவிடும், பாத்தி அழுகிப்போகும். அப்போது பிரண்டைத் துவையலும் சுண்டைக்காய் வற்றல் குழம்பும்தான். எங்கள் மாஸ்டருக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "மெனுவை நான் போடணுமா, செடி போடணுமா?" என்பார். இப்போது காலை ஆறரைக்குத் தோட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பலகையில் எழுதுகிறார்.

எதிரிகள் இரண்டு: மயில், குரங்கு. மயிலுக்கு வலை கட்டலாம். குரங்குக்கு ஒன்றும் செய்ய முடியாது.

வாழை இலையாவது சொந்தமாக வெட்டலாமே?

எல்லோரும் இதை நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாழை சுமார் எட்டு நாளைக்கு ஒரு இலை விடும். ஒரு முழு இலையில் ஒரு நுனி, இரண்டு ஏடு என்று மூன்று பேருக்கு ஆகும். நூறு பேருக்கு 34 இலை. 34 இலை தினமும் வேண்டுமென்றால் 34 பெருக்கல் 8, ஏறக்குறைய 270 மரம். ஆறடிக்கு ஆறடி நட்டால் மரத்துக்கு 36 சதுர அடி, மொத்தம் 9,720 சதுர அடி, அதாவது 22 சென்ட். இது வருகிற இலையை எல்லாம் வெட்டினால். அப்படி வெட்டினால் தார் ஒழுங்காக வராது, காற்றில் கிழிந்தது பரிமாற ஆகாது, எல்லோருக்கும் நுனி இலைதான் வேண்டும். நிஜத்தில் இரட்டிப்பு நிலம் கேட்கும்.

எங்களிடம் 40 கட்டை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இலையும், வாழைப்பூ வடையும், வாழைத்தண்டுப் பொரியலும் அதிலிருந்து. மற்ற நாளுக்கு இலைக் கட்டு சந்தையில்தான். ஃபெஞ்சலில் நாற்பதும் விழுந்தது. இரண்டு வாரம் மெனு முழுக்க வாழைத்தண்டு.

பாத்திரம் கழுவும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

நேராக விடாதீர்கள். எண்ணெய் மண்ணின் துளைகளை அடைத்து நாற்றம் எடுக்கும். எங்கள் ஏற்பாடு இது: முதலில் வலைக்கூடை, சோற்றுப் பருக்கைக்கு. அடுத்து மூன்று அறை கொண்ட எண்ணெய்த் தொட்டி. எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியிலுள்ள குழாய் வழியே அடுத்த அறைக்குப் போகும். வாரம் இரண்டு முறை மேலே படியும் எண்ணெய் ஆடையை வழிக்க வேண்டும், யாரும் விரும்பிச் செய்யாத வேலை. பிறகு ஜல்லி நிரப்பிய நீளத் தொட்டியில் கல்வாழையும் கோரையும். அதைத் தாண்டி வரும் தண்ணீர் வாழைக்கும் பப்பாளிக்கும் மட்டும். கீரைப் பாத்திக்குக் கிடையாது, பச்சையாகப் பயன்படுத்தும் இலையில் அந்தத் தண்ணீர் படக் கூடாது. அரிசி கழுவிய கழுநீர் தனி வாளியில் நேராகக் கறிவேப்பிலைக்கு.

எச்சில் இலை, மீந்த சோறு?

சோறும் குழம்பும் பயோகேஸ் தொட்டிக்கு. 10 கிலோ கழிவுக்கு ஒரு கன மீட்டர் வாயு என்று வைத்துக்கொள்ளலாம், அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் கேஸுக்குச் சமம். எங்களுக்குக் காய்கறித் தோலும் சேர்த்து ஒரு நாளைக்கு 25 கிலோ வரும். ஒரு கிலோ கேஸ் மிச்சம், பாலும் காபியும் அதில்தான். எலுமிச்சைத் தோலை அதிகம் போட்டால் தொட்டி புளித்துப் படுத்துவிடும். இலையை அதில் போடக் கூடாது, நார் மேலே மிதந்து அடைக்கும். இலையை அரிவாளால் நறுக்கி, காய்ந்த சருகோடு அடுக்கி, சாணக் கரைசல் தெளித்தால் மூன்று மாதத்தில் எரு.

வெயிலிலேயே சமைக்க முடியாதா?

ஆரோவில் சோலார் கிச்சனைப் போய்ப் பாருங்கள். கூரை மேல் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம். கிண்ணம் அசையாது, வெளிச்சம் குவியும் இடத்தில் உள்ள கொதிகலன் சூரியனோடு நகரும். அதில் வரும் நீராவியில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் திட்டத்தோடு 1997-இல் முடித்தார்கள். மேகம் மூடிய நாளுக்கு எண்ணெயில் எரியும் பாய்லரும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நூறு இலைக் கடைக்கு அது பெரிய ஆசை. சாதாரணச் சோலார் ஹீட்டரில் உலைத் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி எடுத்தாலே கொதிக்க வைக்கும் கேஸில் 40 சதவீதம் மிச்சம்.

கண்ணாடிக் கூடத்துக்குள் செடி வளர்த்து நடுவில் மேசை போடலாமா?

இந்தப் படத்தைப் போனில் காட்டாதவர் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் டி காஸ் என்ற உணவகம் 2001-லிருந்து அப்படித்தான் நடக்கிறது, 1926-ஆம் வருடத்து நகராட்சிப் பசுமைக்கூடத்துக்குள். அந்த ஊரில் வெயிலைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். நம் ஊரில் விரட்ட வேண்டும். திண்டிவனத்தில் மே மாதம் கண்ணாடிக் கூடத்துக்குள் உட்கார்ந்தால் சோறு இலையிலேயே இன்னொரு முறை வேகும். செடிக்கு நிழல் வலை, மனிதருக்கு ஓடு.

கோழி, மாடு வளர்க்கலாமா?

சமையலறைக்கு ஐம்பதடிக்குள் வேண்டாம். ஈ.

எனக்கு வாடகை இடம்தான். கட்ட முடியாது. என்ன செய்யலாம்?

மேற்குப் பக்கம் கம்பி கட்டிக் கோவைக்கொடி ஏற்றுங்கள். பத்துத் தொட்டியில் புதினா, இரண்டு பெரிய டிரம்மில் கறிவேப்பிலை. எண்ணெய்த் தொட்டியை பிளாஸ்டிக் டிரம்மிலேயே செய்யலாம், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கறிவேப்பிலையை மட்டும் டிரம்மில் வைத்த முதல் வருடம் பறிக்காதீர்கள். எங்கள் முதல் செடியை மாஸ்டர் ஆறாவது மாதமே மொட்டையடித்தார். அது இன்னும் இடுப்புயரம்தான்.